வழி திறக்கும் படை: தென்காசி இளைஞரும் மதராஸ் சாப்பர் பணியும்

தென்காசி மாவட்டத்திலிருந்து ராணுவத்தில் சேர விரும்பும் இளைஞர்களுக்குக் கிடைக்கும் வழிகாட்டுதலில் பெரும்பகுதி ஓட்டம், தண்டால், மாதிரி வினாத்தாள் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. தேர்வான பிறகு எந்தப் பிரிவில் எத்தகைய வேலை காத்திருக்கிறது, அந்த வேலைக்கு எப்படிப்பட்ட கையும் மனமும் தேவை என்பவை அரிதாகவே பேசப்படுகின்றன. அவ்வாறு பேசப்படாத பணிகளுள் முதன்மையானது களப் பொறியாளர் பணி. அதில் ஈடுபடும் வீரருக்கு இந்திய ராணுவத்தில் ‘சாப்பர்’ என்று பெயர். தென்னிந்தியாவில் அப்பணிக்கான தாய்ப்படை, மதராஸ் சாப்பர்ஸ் என்று அறியப்படும் மதராஸ் பொறியாளர் குழுமம். சாப்பரின் வேலை என்ன, அந்தப் படை எவ்வாறு உருவானது, தென்காசி, குற்றாலம் வட்டாரத்து இளைஞர் ஒருவர் அதில் சேரும் வழிகள் யாவை, இன்றைய ஆள்சேர்ப்பு முறை அப்பணியின் இயல்போடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பன இக்கட்டுரையின் கேள்விகள்.

படை நகரும்போது அதன் முன்னால் கிடக்கும் தடையை நீக்குவதே சாப்பரின் முதல் கடமை. ஆறு குறுக்கிட்டால் பாலமும், கண்ணிவெடி புதைத்த வெளி குறுக்கிட்டால் பாதுகாப்பான தடமும், முள்கம்பி வேலியோ கான்கிரீட் அரணோ மறித்தால் அதைத் தகர்க்கும் வெடியும் அவர் பொறுப்பு. இதற்கு நேர்மாறான கடமையும் அவருக்கு உண்டு: எதிரி முன்னேறும்போது பாலத்தைத் தகர்ப்பதும், சாலையை அறுப்பதும், கண்ணிவெடி புதைப்பதும் அவரே. மூன்றாவதாக, பதுங்குகுழி அமைத்து, குடிநீர் வழங்கி, ஹெலிகாப்டர் இறங்குதளம் சமைத்துத் தன் படையைக் களத்தில் நிலைக்கச் செய்கிறார். இத்தனைக்கும் மேலாக அவர் துப்பாக்கி ஏந்திய போர்வீரர் என்பதால், தேவைப்படும்போது காலாட்படையாக நின்று போரிடவும் வேண்டும். ராணுவக் குடியிருப்புகளையும் மருத்துவமனைகளையும் கட்டிப் பராமரிக்கும் ராணுவப் பொறியியல் சேவை, 1960இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் நிறுவனம், டாங்கிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு ஆகியவை இதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. அவற்றின் பணியும் பெரிதே. ஆனால் எதிரியின் குண்டுகளுக்கு நடுவே, படையின் முதல் வரிசையில் நின்று செய்யும் பொறியியல் சாப்பருக்கே உரியது.

இந்த வேலையின் கடினத்தை உணர, இன்றைய தென்காசி மாவட்டத்தின் நிலமே போதிய சான்று தருகிறது. பாளையக்காரர் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் கோட்டைகள் கல்லால் கட்டப்பட்டவை அல்ல. அவற்றின் வலிமை குழைத்து இறுக்கிய மண்சுவர்களில் இருந்தது. கற்சுவர் பீரங்கிக் குண்டுக்கு நொறுங்கும்; மண்சுவரோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொண்டு நிற்கும். பாளையக்காரப் போர்களில் சிறிய பீரங்கிகளை நம்பி வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகள் இத்தகைய சுவர்களின் முன் திணறியதற்கு இதுவே முக்கியக் காரணம். 1783இல் கர்னல் ஃபுல்லார்ட்டன் சிவகிரியைத் தாக்கியபோது தடையாக நின்றது சுவரன்று, காடு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து அடர்ந்த முட்காட்டை அரணாகக் கொண்டு பாளையக்காரரின் படை பின்வாங்கியிருந்ததால், ஓயாத துப்பாக்கிச் சூட்டுக்கும் ஈட்டித் தாக்குதலுக்கும் இடையே மரத்தை வெட்டி வெட்டி வழி உண்டாக்கியே கம்பெனிப் படை மலையடியை எட்டியது. இம்மாவட்டத்துக்கு வெளியே, 1801இல் மருதுபாண்டியரின் காளையார்கோயிலைப் பிடிக்க கர்னல் ஆக்னியூ சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிச் சாலை அமைக்க முற்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் உழைத்த பின் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது. காட்டைத் தற்காப்புக் கருவியாக்கிய மருதுபாண்டியர் தரப்பு, தடை அமைக்கும் பொறியியலில் அன்றைக்கு மேலோங்கியே இருந்தது.

இந்தப் போர்களின் காலத்தில்தான் மதராஸ் சாப்பர் படையின் வேர் ஊன்றப்பட்டது. 1780 செப்டம்பர் 30 அன்று மதராஸ் பயனியர்கள் என்ற பெயரில் ‘கம்பெனி’ எனப்படும் சிறு படைப்பிரிவுகள் இரண்டு திரட்டப்பட்டன. படைக்கு முன் சென்று வழி சீராக்குவோர் பயனியர் எனப்பட்டனர். 1831இல் அப்படை மதராஸ் சாப்பர்கள், மைனர்கள் என்று பெயர் மாறியது. கோட்டை மதிலை நோக்கி மறைவுப் பள்ளம் தோண்டிச் செல்வோர் சாப்பர்கள்; மதிலுக்கு அடியில் சுரங்கம் அறுத்து வெடிமருந்து வைப்போர் மைனர்கள். மண்ணின் மைந்தர்களையே கொண்டு மண்ணின் பாளையங்களை உடைத்த ஓர் அந்நிய ஆட்சியின் கருவியாக அப்படை தொடங்கியது என்ற உண்மையை மறைத்து அதன் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. அதே வேளையில், அப்படையில் சேர்ந்தவர்கள் ஈட்டிய திறமை அவர்களுடையதே. எந்த ஆட்சியும் அதைக் கொடையாக வழங்கிவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சில இனத்தாரே போருக்குப் பிறந்தவர் என்ற கொள்கை பிரிட்டிஷ் ராணுவத்தில் தலைதூக்கித் தென்னிந்தியக் காலாட்படைகள் அடுத்தடுத்துக் கலைக்கப்பட்டபோதும், மதராஸ் சாப்பர்களைக் கைவிட அவ்வாட்சியால் முடியவில்லை. பிறப்பை அளவுகோலாக வைத்த கொள்கை, வேலையை அளவுகோலாக வைத்த இடத்தில் தோற்றது. சமூகத்தின் விளிம்பில் வைக்கப்பட்டிருந்த சாதியினரும், இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்ற வேறுபாடின்றிப் பல மொழியினரும் கலந்து பணியாற்றிய இப்படையின் வீரர்களை ராணுவம் முழுவதும் இன்றும் ‘தம்பி’ என்றே அழைக்கிறது.

படையின் தலைமையகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெங்களூருக்கு மாறி, அல்சூர் ஏரியை ஒட்டி இன்றும் இயங்குகிறது. முள்கம்பித் தடைகளை அறுக்க உலகப் படைகள் பலவும் பயன்படுத்திய ‘பெங்களூர் டார்பிடோ’ 1912இல் இங்குதான் உருவாயிற்று. இப்படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக் வடிவமைத்த அக்கருவி, வெடிமருந்து அடைத்த குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, வீரர் மறைவில் படுத்தபடியே முள்கம்பிக்கு அடியில் நீளத் தள்ளி வெடிக்கச் செய்வது. 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய படையினரும் இதையே கொண்டு கம்பி வேலிகளைப் பிளந்தனர்.

சாப்பர் பயிற்சியின் மிகக் கடினமான பகுதி கண்ணிவெடி அகற்றல். உலோகமானி ஒலி எழுப்பும் இடத்திலும், உலோகம் குறைந்த கண்ணிவெடிகளால் அது ஒலி எழுப்பாத இடத்திலும், இறுதியில் நம்ப வேண்டியது மனிதனின் கையையே. வீரர் குப்புறப் படுத்து, மெல்லிய குத்துக்கோலை மண்ணில் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், சிறு அழுத்தத்துடன் செலுத்துகிறார். செங்குத்தாகக் குத்தினால் கோலின் முனை கண்ணிவெடியின் மேல்மூடியை அழுத்திவிடும், சாய்வாகச் சென்றாலோ அதன் பக்கச் சுவரைத் தொடும். கோல் தட்டியது கல்லா, வேரா, வெடியா என்பதை விரல்நுனி சொல்ல வேண்டும். பிறகு பக்கவாட்டில் மண்ணை விலக்கி, வெடியைக் கண்டு, குறியிட்டு, அதே நிதானத்தோடு அடுத்த அங்குலத்துக்கு நகர வேண்டும். தூய்மையான தடத்தின் இரு ஓரங்களிலும் வெள்ளை நாடா விரிக்கப்படும். பின்னால் வருவோரின் உயிர் அந்த நாடாவுக்குள் அடங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1944இல், இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடித் தடம் ஒன்றைத் தூய்மை செய்துகொண்டிருந்த குழுவில் ஒருவர் வெடியை மிதித்துவிட, அது வெடிப்பதற்குள் கிடைத்த ஓரிரு நொடிகளில் அதன் மேல் பாய்ந்து தன் உடலால் மூடித் தோழர்களைக் காத்தவர் மதராஸ் சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியன். இந்தியருக்குக் கிடைத்த முதல் ஜார்ஜ் சிலுவை அவருக்குரியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அவர் பெயர் அநேகமாகக் கேள்விப்படாததாகவே இருப்பது வருந்தத்தக்கது.

1971 டிசம்பரில் ஷகர்கர் பகுதியில் நடந்த பசந்தர் ஆற்றுப் போர், களப் பொறியாளரின் வேலை முடியும் நேரமே மொத்தப் போரின் நேரத்தையும் நிர்ணயிக்கும் என்பதற்குச் சான்று. ஆற்றைத் தாண்டிய காலாட்படைக்கு டாங்கிகளின் துணை விடிவதற்குள் கிடைத்தாக வேண்டும். ஆனால் இடையே பாகிஸ்தானியர் புதைத்த ஆழமான கண்ணிவெடிப் பரப்பு கிடந்தது. மதராஸ் சாப்பர் படையைச் சேர்ந்த 9ஆம் பொறியாளர் ரெஜிமென்ட், பீரங்கித் தாக்குதலுக்கு இடையே அதில் தடம் அறுத்தது. தடம் முழுமையடையும் முன்பே எதிரி டாங்கிகள் நெருங்கிய செய்தி வர, பூனா குதிரைப்படையின் டாங்கிகள் பாதி திறந்த வழியிலேயே புகுந்து சென்றன. மறுநாள் நடந்த டாங்கிப் போரில் பரம்வீர் சக்கரம் பெற்று வீழ்ந்த அருண் கேத்ரபாலின் பெயரை நாடறியும். தடம் அறுத்த 9ஆம் பொறியாளர் ரெஜிமென்ட்டில் உயிர்நீத்து மகாவீர் சக்கரம் பெற்ற மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியின் பெயர் அவ்வளவு பரவலாகத் தெரியவில்லை.

அமைதிக் காலத்தில் இப்பணி பொதுமக்கள் கண்ணில் படுவது பேரிடரின்போதுதான். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்து, இரண்டு ஊர்களையும் இணைத்த பாலத்தையும் அடித்துச் சென்ற பின், பெங்களூரிலிருந்து வந்த மதராஸ் சாப்பர்கள் 190 அடி நீளமும் 24 டன் தாங்குதிறனும் கொண்ட பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் அமைத்து முடித்தனர். அக்குழுவில் இருந்த மேஜர் சீதா ஷெல்கே பாலத்தின் மேல் நிற்கும் படம் நாடெங்கும் பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயப் பொறியாளர் டொனால்ட் பெய்லி வடிவமைத்த இப்பாலத்தின் அடிப்படை உறுப்பு, பத்தடி நீளமும் ஐந்தடி உயரமும் உள்ள எஃகுச் சட்டம். ஆறு பேர் சேர்ந்து தூக்கக்கூடிய எடை. சட்டங்களை முளைகளால் கோத்துப் பாலத்தை ஒரு கரையிலேயே பூட்டி, முன்பகுதியில் எடை குறைந்த ‘மூக்கு’ ஒன்றைப் பொருத்தி, உருளைகளின் மேல் வைத்து மறுகரை நோக்கித் தள்ளுவார்கள். மூக்கு அக்கரையைத் தொடும்வரை பாலத்தின் பின்பகுதி எடைச் சமநிலையில் கரையோடு தங்க வேண்டும். கணக்கு தவறினால் மொத்தப் பாலமும் ஆற்றில் கவிழும். பாரந்தூக்கி இல்லாத இடத்திலும் மனிதத் தோளையும் கணக்கையும் மட்டுமே கொண்டு அமைக்கக்கூடியது என்பதால்தான், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கிய, லாரிகளிலிருந்து இயந்திரமே விரித்து 75 மீட்டர்வரை நீட்டும் ‘சர்வத்ரா’ பாலம் வந்த பின்னும், எண்பது ஆண்டு கடந்த பெய்லி பாலம் கைவிடப்படவில்லை.

வயநாடும் தென்காசியும் ஒரே மலைத்தொடரைச் சேர்ந்தவை என்பதை இங்கு நினைக்க வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென இறங்கிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. 2023 டிசம்பர் பெருமழையில் தாமிரபரணிப் படுகை முழுவதும் தத்தளித்தது. மலையில் பெய்யும் மழை அடிவாரத்தில் என்ன செய்யும் என்பதை, அருவி நீரின் நிறமும் இரைச்சலும் மாறுவதைக் கண்டே உணரும் பழக்கம் குற்றாலத்தாருக்கு உண்டு. ஆற்றின் வேகம், கரையின் உறுதி, அடிமண்ணின் தன்மை ஆகியவற்றை மதிப்பிடுவது பாலம் போடும் சாப்பரின் முதல் பாடம்; அந்தப் பாடத்தின் அரிச்சுவடியைச் சிற்றாற்றங்கரையில் வளர்ந்தவர் முன்பே கற்றிருக்கிறார்.

கைத்தொழிலைப் பொறுத்தமட்டில் இவ்வட்டாரத்தின் இருப்பு இன்னும் பெரிது. மானாவாரி நிலத்தில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டும் தொழில் தென்மாவட்டங்களில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. பாறையின் ஓட்டம் பார்த்துத் தமர் அடித்து, தோட்டா வைத்து, திரியின் நீளத்தைக் கொண்டு ஆட்கள் விலகும் நேரத்தைக் கணிக்கும் கிணற்று வேலைக்காரரின் அறிவும், தகர்ப்புப் பயிற்சியில் சாப்பர் கற்கும் அறிவும் அடிப்படையில் ஒன்றே. உரிமம் இன்றி வெடிமருந்தைக் கையாளச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே அத்தொழிலை எவரும் முன்பயிற்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர், தன் தந்தையின் தொழில் ராணுவத்தின் மதிப்புமிக்க பிரிவொன்றின் தொழில் என்பதை அறிந்திருக்க வேண்டும். கொத்துவேலை, தச்சுவேலை, பற்றவைப்பு, குழாய் பொருத்துதல், மின்பணி, நில அளவை, மண்வெட்டும் இயந்திரம் ஓட்டுதல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சாப்பர் ஒவ்வொருவரும் போர்ப்பயிற்சியோடு இத்தகைய தொழில் ஒன்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும்.

சேரும் வழிகளுள் வீரர் நிலைக்கானது 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம். அத்திட்டம் பதினேழரை முதல் 21 வயதுவரை என்ற வரம்புடனும், நான்கு ஆண்டுப் பணிக்காலத்துடனும், முடிவில் நான்கில் ஒரு பங்கினர்வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர் என்ற ஏற்பாட்டுடனும் தொடங்கியது. வயது வரம்பு போன்றவை மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். தென்மாவட்டத்தாருக்கான ஆள்சேர்ப்பு திருச்சிராப்பள்ளி அலுவலகத்தின் வழியே நடக்கிறது. 2023 முதல் கணினிவழிப் பொது நுழைவுத் தேர்வு முதலிலும், உடற்தகுதித் தேர்வு பின்னரும் நடக்கின்றன. 2025இலிருந்து அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது கிராமப்புற மாணவருக்குப் பெரும் நிம்மதி. பொதுப்பணிப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பும், தொழில்நுட்பப் பிரிவுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் கொண்ட பன்னிரண்டாம் வகுப்பும் அடிப்படைத் தகுதிகள். தொழில்நுட்பப் பிரிவில் ஐடிஐ, டிப்ளமோ படித்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. உடற்தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடுவோர் முழு மதிப்பெண் பெறுவர். கம்பியில் பத்து முறை உடலை உயர்த்துதல், ஒன்பதடிப் பள்ளம் தாண்டுதல் முதலியனவும் உண்டு. தேர்வானவர் எந்தப் படைப்பிரிவுக்கு அனுப்பப்படுவார் என்பதைத் தகுதிவரிசை, காலியிடம் ஆகியவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. விருப்பம் ஒன்றே போதாது. ஆயினும் தொழிற்சான்றிதழ் உள்ளவருக்குத் தொழில்நுட்பப் பிரிவின் வாய்ப்பு கூடும் என்பதால், பயிற்சி மையங்களில் ஓட்டத்துக்காக ஓராண்டைச் செலவிடும் இளைஞர், அதே ஓராண்டில் ஐடிஐ படிப்பு ஒன்றையும் முடிப்பது அறிவுடைமை.

அதிகாரி நிலைக்குச் செல்வோரின் பாதை வேறு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தேசியப் பாதுகாப்பு அகாடமி, பட்டத்துக்குப் பின் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு, பொறியியல் பட்டதாரிகளுக்கு எழுத்துத் தேர்வின்றி நேரடியாக நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் தொழில்நுட்ப நுழைவுகள் என அது பலவாகக் கிளைக்கிறது. குறுகிய காலப் பணிக்கான பயிற்சி சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலேயே நடக்கிறது. பொறியாளர் பிரிவுக்கு ஒதுக்கப்படும் இளம் அதிகாரிகள் பின்னர் புனேயிலுள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியில் பாலம், தகர்ப்பு, கண்ணிவெடி ஆகியவற்றைக் கற்கின்றனர். பெண்களுக்கு வீரர் நிலையில் சாப்பர் பணி இன்னும் திறக்கப்படவில்லை. ஆனால் அதிகாரி நிலையில் பொறியாளர் பிரிவு திறந்தே இருக்கிறது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவர்களுக்கு நிரந்தரப் பணி உரிமையையும் உறுதிசெய்தது. தென்காசியில் கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவிகளிடம் இச்செய்தியைக் கல்லூரிகளே முனைந்து கொண்டுசேர்க்க வேண்டும்.

இனி எஞ்சுவது நான்காண்டுப் பணிக்காலம் பற்றிய கேள்வி. ராணுவத்தை இளமையாக வைத்திருக்கவும் ஓய்வூதியச் சுமையைக் குறைக்கவும் அக்னிபத் திட்டம் உதவும் என்ற வாதம் பொதுவில் ஏற்கத்தக்கதாக இருப்பினும், சாப்பர் பணிக்கு அதை அப்படியே பொருத்துவதில் இடர் இருக்கிறது. அடிப்படைப் போர்ப்பயிற்சியும், களப் பொறியியலும், தனித் தொழிலும் கற்று, ஓர் அணியில் சேர்ந்து, பாலத்தையும் கண்ணிவெடித் தடத்தையும் இருளில் கூடச் செய்யும் அளவுக்குக் கை பழகும்போது நான்கு ஆண்டுகளில் பெரும்பகுதி கழிந்திருக்கும். குத்துக்கோல் பிடிக்கும் விரலின் அறிவு ஆண்டுக்கணக்கில் சேர்வது. சுபேதார் சுப்பிரமணியன் போன்ற அனுபவம் மிக்க இளநிலை அதிகாரிகளே ஒரு குழுவின் நிதானத்துக்கு அச்சாணி. ஆகவே நான்கில் ஒரு பங்கு என்ற பொது அளவைப் பொறியாளர் பிரிவு போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளில் கணிசமாக உயர்த்துவதே சரியான முடிவாகத் தோன்றுகிறது.

அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் வீரர்களான அக்னிவீரர்கள் 2023இன் தொடக்கத்தில் பயிற்சிக்குச் சென்றதால், அவர்களின் நான்காண்டு 2026–27இல் நிறைவடைகிறது. வெளிவரும் சாப்பர், இயந்திரம் இயக்கவும், பாலச் சட்டம் பூட்டவும், பாதுகாப்பாக வெடிவைக்கவும் தெரிந்தவர். நெடுஞ்சாலைத் துறைக்கும், மாநிலப் பேரிடர் மீட்புப் படைக்கும், கல்குவாரிப் பாதுகாப்புக்கும் தேவையான ஆள். முன்னாள் இந்தியச் சாப்பர்கள் தொடங்கிய சர்வத்ரா, ஹரைசன் போன்ற அமைப்புகள் இலங்கையின் வடக்கில் போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் ஈடுபட்டதும் இத்திறன் சீருடையோடு முடிவதில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால் ராணுவம் தரும் திறன் சான்றிதழை மாநிலத் துறைகள் ஐடிஐ சான்றிதழுக்கு இணையாக ஏற்று, வேலைவாய்ப்பு அறிவிப்பில் அதைப் பெயர் சொல்லிச் சேர்க்காதவரை, ஊர் திரும்பும் 23 வயது இளைஞருக்குக் காவலாளி வேலையே முதலில் கண்ணில் படும். தென்காசி மாவட்ட முன்னாள் படைவீரர் நலத்துறையும் ஐடிஐக்களும் இந்த முதல் அணி திரும்புவதற்கு முன்பே இதற்கான ஏற்பாட்டைச் செய்ய வேண்டியிருக்கிறது.